‘இப்படி’ என்றால் எப்படி, கண்ணு?

அன்புள்ள கார்த்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். “ஏனுங்கப்பா, இப்பெல்லாம் வீடியோ பாத்துச் சொல்லுன்னு கேக்கறதே இல்லீங்களே, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?” நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். “அப்பறம் கூப்படறனுங்கப்பா” என்று வைத்துவிட்டாய். அப்புறம் கூப்பிடவில்லை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை இருக்கிற வீட்டில் ‘அப்புறம்’ என்ற ஒன்று கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. போனில் பதில் சொன்னால், “இல்ல கண்ணு, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல” என்று ஒரே மூச்சில் முடிந்துபோகும். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கடிதம் என்றால், நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் பேசினால் இது ஏதேதோ எழுதிவிட்டு அதையே எனக்குப் படித்தும் காட்டுகிறது. ‘ஊட்டுக்கு வா’ என்றால் ‘ஊட்டிக்கு வா’ என்கிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். படிக்கும்போது யாரோ வாத்தியார் எழுதியது போல இருந்தால் சிரித்துக்கொள். மற்றவர்கள் பேசியது மட்டும் அவர்கள் பேசின மாதிரியே இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையே சொல்வேன். உன் மகள் பெரியவளாகி இதைப் படித்தால் அவளுக்கும் விளங்க வேண்டும்.

உன் அம்மாவைக் கட்டிக்கொண்ட புதிதில் நான் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்தேன். சின்ன வயதிலிருந்தே இருட்டில் கண் சரியாகத் தெரியாது. பிறகு பகலிலும் ஓரங்கள் மறைய ஆரம்பித்தன. நீ பிறந்தபோது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் உன்னைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் கண் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அந்தக் குழாயும் அடைபட்டுப்போனது. கம்பெனியில் நல்லவிதமாகத்தான் அனுப்பிவைத்தார்கள். கோயம்புத்தூரில் கண் தெரியாதவர்களுக்கு மசாஜ் கற்றுக்கொடுக்கிற ஓரிடத்தில் தங்கிப் படித்தேன். திரும்பி வந்து, பெருமாநல்லூர் ரோட்டில் நாம் குடியிருக்கிற இந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேசைக் கட்டிலைப் போட்டேன். திருப்பூரில் கழுத்தும் தோளும் வலிக்காத ஆள் ஏது? நாளெல்லாம் குனிந்து தைக்கிறவர்கள், அயர்ன் பெட்டி பிடிக்கிறவர்கள், துணி ரோலைத் தோளில் தூக்கிப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அதோடு வாரத்தில் இரண்டு நாள் ஊருக்கு வெளியே இருக்கும் இயற்கை வைத்தியசாலையிலும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு விதி இருந்தது, இன்றும் இருக்கிறது. மசாஜ் செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு புதுப் பாடமாவது படித்து முடிக்க வேண்டும். அதற்காக எங்கேயும் போக வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால் போதும். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் அதில் பெரிய சந்தோஷம். நான் மட்டும் அதைக் கேட்ட அன்றைக்குச் சாப்பிடாமல் வந்து படுத்தேன்.

அந்த முதல் பாடம் இடுப்பு வலியைப் பற்றியது. டி.வி.டி.யில் வந்தது. நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். டி.வி. முன்னால் நீ உட்கார்ந்துகொண்டாய், உன் முதுகுக்குப் பின்னால் நான். அதில் ஒரு அம்மாள் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசுவார், பிறகு கொஞ்ச நேரம் புல்லாங்குழல் மட்டும் கேட்கும். அந்தப் புல்லாங்குழல் கேட்கிற நேரத்தில்தான் கை வேலை செய்கிறது என்று நீ சொன்னாய். “அப்பா, இந்தம்மா கைய இப்படி வெக்கறாங்க.”

“இப்படின்னா எப்படி, கண்ணு?”

“இப்படித்தானுங்கப்பா!”

நீ காற்றில் கையைக் காட்டியிருப்பாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “டேய், அப்பாவுக்குக் காத்துல காட்டுனா எப்படிடா தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாயைத் தட்டிப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். “எம்முதுகுல வெச்சுக் காட்டு. குக்கர் விசில மட்டும் யாராச்சும் எண்ணிக்குங்க.” பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் நின்று நின்று அவளுக்கு இடுப்பு எப்போதும் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். நீ என் வலது பெருவிரலைப் பிடித்து அவள் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வைத்தாய். படத்தை நிறுத்தினாய், திரும்ப ஓட்டினாய், என் விரலை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினாய். விசிலை யாரும் எண்ணவில்லை. சோறு களியாகிவிட்டது. உன் அம்மா அப்படியே தூங்கிப்போனாள். நாம் இருவரும் அந்தக் களியை ரசம் ஊற்றிக் குடித்தோம்.

அதற்கப்புறம் எத்தனை பாடம்! தோள், முழங்கால், கழுத்து, பாதம். நீ சொல்லக் கற்றுக்கொண்ட அழகு எனக்குத்தான் தெரியும். ‘இங்கே’, ‘இப்படி’, ‘பாருங்கள்’ என்று அவர்கள் சொல்வதையெல்லாம் நீ வார்த்தையாக மாற்றினாய். “காலர் எலும்புக்குக் கீழ ஒரு விரல் எடம் விட்டு, நாலு விரலும் சேத்து, கக்கத்துப் பக்கமாப் போறாங்கப்பா, மெதுவா, தண்ணி ஓடற மாதிரி” என்பாய். காலேஜுக்குப் போன பிறகும் சனிக்கிழமை வந்தால் அதுதான் நம் வேலை. அம்மா தவறிப்போன வருஷம்கூட, காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிப்போன பிறகு, நீயாகத்தான் கேட்டாய்: “இந்த வருசப் பாடம் வந்துருச்சுங்களாப்பா?” அன்றைக்குப் படுத்துக் காட்ட ஆள் இல்லாததால் நீயே படுத்தாய். படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சொன்னாய். சொல்லும்போது உன் முதுகு குலுங்கியது. நான் கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

பிறகு உனக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. வியட்நாமில் இருக்கிற ஆபீஸுக்கு மாற்றல் வந்தது. யமுனாவையும் கூட்டிக்கொண்டு போனாய். போகும்போது, “வீடியோவுக்கு ஒண்ணும் கவலப்படாதீங்கப்பா, நா அங்கிருந்தே போட்டுப் பாத்துச் சொல்றேன்” என்றாய். சொன்னபடியே செய்தாய். நீ அங்கே வீடியோவை ஓட்டுவாய், நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலையணையைக் கட்டில்மேல் போட்டு அதில் விரலை நகர்த்துவேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

இனி நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

நம் வீட்டுக்கு வருகிற கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணனை உனக்கு நன்றாகத் தெரியும். நான் கட்டில் போட்ட காலத்திலிருந்து வருகிறவர். வேலையை விட்ட பிறகும் மாதம் ஒருமுறை வந்து, “தோள் ரெண்டையும் கழட்டி மாட்டி உடு தம்பி” என்று சொல்லிப் படுப்பார். வழக்கம்போல அழுத்தினேன். மறுநாள் காலையில் அவருடைய மருமகள் வந்தாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. “ஏனுங்கண்ணா, நீங்க கை வெச்ச எடமெல்லாம் எங்க மாமாவுக்குக் கன்னிப்போயிருக்குதுங்க. கருநீலமா, விரல் விரலாத் தெரியுதுங்க. மாமா சொல்ல வேண்டாமுன்னுதான் சொன்னாருங்க” என்றாள். நான் உடனே போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தோல் தோலாகத்தான் இருந்தது. நிறத்தை என் விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? “இதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, வயசான தோலு” என்றார் அண்ணன். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாராம். எனக்கு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால்தான் இந்த வருஷம் முதியவர்களுக்கான மசாஜ் என்ற பாடத்தை எடுத்தேன். உன்னிடம், “சும்மா, புதுசா ஒண்ணு” என்றேன்.

அந்தப் பாடம் நடத்துகிறவர் மாலதி என்கிற டீச்சர். நம்ம பக்கத்துக்காரர்தான், ஆனால் வீடியோவில் முழுக்க இங்கிலீஷ். முதல் இரண்டு பாடங்களை நீ நன்றாகச் சொன்னாய். மூன்றாவது பாடம் கால்களைப் பற்றியது. அன்றைக்குச் சாயங்காலம் உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. யமுனாவுக்கு அப்போது மசக்கை. நீ சொல்லிக்கொண்டே இருக்கும்போது உள்ளே அவள் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். நீ நிறுத்தவில்லை. “கெண்டைக்கால்ல ரெண்டு கையும் வெச்சு, நல்லா அழுத்தி மேல தள்றாங்கப்பா” என்றாய். உன் குரலுக்குப் பின்னால் அந்த டீச்சர், “நோ பிரஷர், நோ பிரஷர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும், கண்ணு. நீ திரையைப் பார்க்கவில்லை. வாய் என்னிடம் பேசியது, முகம் பாத்ரூம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் திரும்பினால் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா?

உள்ளே வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பெண்டாட்டியிடம் உன்னைப் போகவிடாமல் ஒரு வீடியோவை வைத்து நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. “கண்ணு, நெட்டு விட்டு விட்டு வருது, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நீ கேட்டபோது, “வைத்தியசாலைல ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டாரு” என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. நீ கேட்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நின்றதும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நல்லதாக இல்லை. பொய் சொல்ல மாட்டேன். நீ வீடியோ பார்த்துச் சொல்கிற அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் எனக்கு வாரம் என்று ஒன்று இருந்தது போலிருக்கிறது. அது போன பிறகு செவ்வாயும் வியாழனும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஆட்கள் வருவார்கள், படுப்பார்கள், வலி போனதென்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து லைன் வீடுகளில் இப்போது பாதிப்பேர் வடக்கத்திப் பையன்கள். சாயங்காலமானால் ஒவ்வொருவனும் ஊருக்குப் போன் போட்டு இந்தியில் சத்தமாகப் பேசுவான். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும், அம்மாவிடம் பேசுகிறவன் யார், பெண்டாட்டியிடம் பேசுகிறவன் யார் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் நானே தனியாக அந்த வீடியோவைப் போட்டேன். பாடத்தோடு செய்து பார்க்க வேண்டிய வீட்டு வேலையைப் போன் தமிழாக்கிப் படித்தது. ‘உங்கள் வீட்டில் உள்ள ஒரு முதியவரின் அனுமதி பெற்று, கீழ்க்கண்டவற்றை அவர்மீது செய்து பழகவும்.’ இரண்டாவது தடவை படிக்க வைத்தேன். நம் வீட்டில் உள்ள முதியவர் யார் என்று யோசித்தேன். வேட்டியை முழங்கால்வரை தூக்கிவிட்டு என் காலையே நான் தொட்டேன். மற்றவர்களுடைய உடம்பை இத்தனை வருஷம் தொட்டிருக்கிறேன், என் காலை இப்படிக் கவனித்துத் தொட்டதில்லை. கெண்டைச் சதை எங்கே போனதென்றே தெரியவில்லை. தோல் எலும்புக்கு மேல் தனியாக நகர்ந்தது. வேறு யாராவது இந்தக் காலோடு என்னிடம் வந்திருந்தால், ‘பாவம், பெரியவர்’ என்று மனதுக்குள் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

உதவிக்கு வந்தவர் ஜாபர் பாய். உனக்கும் அவரைத் தெரியும், தெருவுக்கே கேட்கப் பேசுகிறவர், நம் தெருமுனையில் பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருக்கிறவர். கழுத்து வலிக்கு வந்தவர், கட்டிலில் கிடந்த தலையணையையும் ஓடிக்கொண்டிருந்த போனையும் பார்த்துவிட்டு, “என்னுங் மாஸ்டரே, தலகாணிக்கு வைத்தியமுங்களா?” என்றார். சொன்னேன். “அட, இதுக்கா இத்தன ரோசன? நாம் பாத்துச் சொல்றனுங்க” என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்னதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். “கை போவுதுங்க… போவுதுங்க… இப்ப திரும்பி வருதுங்க” என்பார். “எங்க பாய் போவுது?” என்றால், “அந்தப் பக்கமுங்க” என்பார். டீச்சர் எதிரே நிற்பதால் அவருடைய வலது கையை எல்லாம் இடது என்றார். நடுவில் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, “எங்க உட்டமுங்க?” என்று கேட்டு முதலிலிருந்து போட்டார். இரண்டு தடவை குறட்டைவிட்டார். எவ்வளவு அழுத்தம் என்று நான் கேட்டபோதுதான் அவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. “ரிப் துணிய இழுத்துப் பாப்பமே, அப்படி இல்லீங்க. நல்ல சாஃப்ட் துணியா இருந்தா பொறங்கையில தடவிப் பாப்பமில்லீங்களா, அந்த மாதிரி. துணிக்கே தெரியக் கூடாதுங்க.” நானும் டைலராக இருந்தவன்தானே, அது எனக்குப் பிடிபட்டது. ஆனாலும் ஒரு பாடத்துக்கு மூன்று நாள் ஆனது. நீயாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாய்.

பிறகு படுத்துக் காட்டவும் அவரே சம்மதித்தார். முதல் தடவை சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தவர், என் கை பட்டதும் பேச்சை நிறுத்தினார். ஜாபர் பாய் பேசாமல் இருந்து நீ கேட்டிருக்கிறாயா? நான் பயந்துபோய், “வலிக்குதுங்களா பாய்?” என்றேன். “இல்லீங்க. நீங்க பாட்டுக்குச் செய்யுங்க” என்றார். அவருக்கு மூன்று மகன்கள், வீடு நிறையப் பேரன் பேத்திகள், வீட்டம்மா இருக்கிறார். அப்படிப்பட்டவருடைய முதுகிலும் யாரும் கை வைக்காத முதுகின் விறைப்பு இருந்தது. பஞ்சு மூட்டை மாதிரி ஆள் என்று நினைத்திருந்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “நாளைக்கும் படிக்கணுமுங்களா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்தார்.

கடைசியில் பரீட்சை. மாலதி டீச்சர் வீடியோ காலில் வந்து, நாம் செய்யச் செய்யப் பார்ப்பார். ஜாபர் பாய் போனை எண்ணெய் பாட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். “சார், எனக்கு ஃபேன் மட்டுந்தானுங்க தெரியுது” என்றார் டீச்சர். பாய் எழுந்துபோய்த் திருப்பி வைத்தார். பிறகு நான் செய்தேன். மாத்திரை என்னென்ன சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா என்று முதலில் கேட்டேன். கை, தோள், கால் என்று ஒவ்வொன்றாகப் போனேன். எல்லாம் முடிந்த பிறகு டீச்சர் சொன்னார்.

“கை நல்லாருக்குதுங்க சார். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பாடத்துல பேஷண்டோட மொகத்தப் பாத்துட்டே செய்யணும்னு சொல்லியிருக்கேன். மொகத்தப் பாக்காம, வலிக்குதான்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

“வலிச்சா நாங் கத்துவனுங்க டீச்சர்” என்றார் குப்புறப் படுத்திருந்த ஜாபர் பாய்.

“எல்லாரும் கத்த மாட்டாங்கங்க. வயசானவங்க பாதிப்பேரு பொறுத்துக்குவாங்க. செய்யறவங்க மனசு நோகக் கூடாதுன்னு சும்மா படுத்திருப்பாங்க.”

பழனிச்சாமி அண்ணனை நினைத்தேன். அவரை மட்டும் நினைக்கவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னேன். “மூச்சு மாறுனா என் கைக்குத் தெரியுமுங்க. சதை இறுகுனாத் தெரியுமுங்க. கன்னிப்போனாத் தெரியாதுங்க. அது எனக்கு என்ன படிச்சாலும் தெரியப் போறதில்லீங்க. அதனால கேப்பனுங்க. தொடறதுக்கு முன்னாலயும் கேப்பேன், தொட்டுட்டு இருக்கும்போதும் கேப்பேன். மறுநா போன் போட்டு, ஊட்ல இருக்கறவங்ககிட்ட ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கம்பேன். ஒண்ணுமில்லீன்னு அவுங்க சொன்னாலும் இன்னொருக்காக் கேப்பனுங்க.”

டீச்சர் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. “பாஸ் போட்டுர்றேனுங்க. ஆனா அடுத்த தடவ பரீட்சைக்கு இந்தப் பாயக் கூட்டிட்டு வராதீங்க, நடுவுல பேசறாரு” என்றார். ஜாபர் பாய்க்கு அதில் பெரிய பெருமை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, கட்டில் விரிப்பை உருவி மடித்து வைத்தேன். எண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தேன். பாஸ் ஆன சேதியைச் சொல்ல உன் நம்பரைப் போடச் சொல்லிப் போனிடம் சொன்னேன், மணி அடிப்பதற்குள் நிறுத்தச் சொன்னேன். யமுனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாள் அது. உன் கவலை உனக்கு. அப்புறம் சோறு வைத்தேன். அன்றைக்கென்று உன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், பழக்கத்தில். “சரசு, பாசாயிட்டேன்” என்று. பதில் வராதென்று தெரியாமல் கூப்பிடவில்லை. சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோபமா என்று கேட்டாய். இல்லை, கண்ணு. துளிகூட இல்லை. யமுனா கூப்பிட்டால், கூப்பிடாமல் உள்ளே ஒரு சத்தம் மட்டும் கேட்டால்கூட, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் போனை வைத்துவிட்டு எழுந்து போ. அது நானாக இருந்தாலும் சரி. அந்த வயதில் நான் ஓவர்டைம் என்று கம்பெனியிலேயே கிடந்தவன், அதனால் சொல்கிறேன். ஆனால் நீ கேட்டாயே, அது நல்லது. கேட்டதோடு விடாதே. நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னொரு தடவை கேள். அந்த டீச்சர் சொன்னது போல நானும் பொறுத்துக்கொண்டு சும்மா படுத்திருக்கிற ஆள்தான். வீடியோ பார்த்துச் சொல்ல எனக்கு இப்போது ஆள் இருக்கிறது. எனக்கு இல்லாதது வீடியோ இல்லை. நீ பார்ப்பதை நானும் கேட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாப்பா பிறந்த அன்று நீ குடும்ப குரூப்பில் போட்டோ போட்டாய். என் போன், ‘கார்த்தி, படம்’ என்று மட்டும் படித்தது. தொட்டால் மறுபடியும் ‘படம்’ என்றது. அதற்கப்புறம் வரிசையாக எல்லாரும் எழுத எழுத, போன் படித்துக்கொண்டே இருந்தது. ‘அழகு’, ‘தங்கம்’, ‘அம்மா நிறம்’, ‘முடியப் பாருங்க எவ்வளவு’ என்று ஒவ்வொருவரும். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மறந்தது தப்பில்லை. இரண்டு நாள் தூங்காதவன், இருக்கிற எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பியிருக்கிறாய். மறுநாள் ஜாபர் பாயிடம் போனைக் கொடுத்துப் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மனுஷன் ரொம்ப நேரம் பார்த்தார். “கொழந்த மாதிரி இருக்குதுங்க மாஸ்டரே. கண்ண மூடிட்டு இருக்குது” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

உன் பெரியத்தை மட்டும் கடைசியாக ஒன்று எழுதியிருந்தாள். ‘மூக்கு அப்படியே தாத்தாவோடது’ என்று. போன் அதைப் படித்ததும் நான் கையை எடுத்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். மேலிருந்து மெதுவாகக் கீழே வந்தேன். நுனியில் கொஞ்சம் அகலமாக இருக்கிறது. பெண் குழந்தைக்கு அது அவ்வளவு நன்றாக இருக்காதோ என்னவோ. ஆனாலும் அன்றைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அவசரமில்லை. பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து, யமுனாவும் சாப்பிட்டு முடித்த பிறகு கூப்பிடு. மூக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. மீதியை நீ சொல்.

உன் அப்பா